டிரில் சோர்ந்தால் முதலில் சுவரைப் பாருங்கள்

டிரில் பாதியில் முனகி நிற்கிறது என்று புனே மகர்பட்டாவில் யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எந்தச் சுவர்?" என்றுதான். பேட்டரி, மோட்டார் பேச்செல்லாம் அதற்கப்புறம்.

ஐடி வேலைக்காக இங்கே வாடகைக்கு வரும் நம்மவர்கள் பலரும் வாங்குவது 12 வோல்ட் சின்ன டிரில். ஒரு கைக்குள் அடங்கும், ஒயர் கிடையாது, கட்டில் பூட்டவும் படம் மாட்டவும் தாராளமாகப் போதும். ஆனால் புது வீட்டில் முதல் வேலை கர்ட்டன் ராடு. அதன் பிராக்கெட் உட்கார வேண்டிய இடம் ஜன்னலுக்கு மேலே, லிண்டலிலோ பீமிலோ. அது கான்கிரீட். பக்கத்துச் சுவரில் சுலபமாக இறங்கிய பிட் அங்கே அரை அங்குலத்தில் நின்றுவிடும். 'மிஷின் போச்சு' என்ற தீர்ப்பு அந்த இடத்தில்தான் எழுதப்படுகிறது.

புனே கான்கிரீட்டில் கிடக்கும் ஜல்லி, தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறையான பசால்ட்டை உடைத்துச் செய்தது. பிட் சிமெண்ட் கலவையில் இறங்கிக்கொண்டே போய் ஒரு ஜல்லியின் மேல் முட்டும்போது சத்தமே மாறிவிடும். கரகரவென்று இருந்தது கீச்சென்று மெலியும்; தூள் கொட்டுவது நிற்கும். சின்ன டிரிலின் 'இம்பாக்ட்' என்பது இரண்டு பல்வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி எகிறுவதுதான். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் 22,500 தட்டு என்று பெட்டியில் போட்டிருக்கும். எண்ணிக்கை பெரிது, ஒவ்வொரு தட்டின் வலுவும் சொற்பம். எலக்ட்ரீஷியன் கொண்டுவரும் ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று சுத்தியலை அடிக்கிறது. நிமிடத்துக்கு 4,000 அடிதான். ஆனால் 2 கிலோ வகையில்கூட ஒரு அடிக்கு 2 ஜூலை ஒட்டிய வலு. சின்ன டிரிலின் பெட்டியில் 'மேசன்ரி 10 மில்லி' என்றிருந்தால் அது செங்கல் சுவர்க் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பீமில் போட்டே ஆக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 4 மில்லி பிட்டில் தொடங்கி, பிறகு 6, தேவைப்பட்டால் 8. சில நொடிகளுக்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். தூள் அடைத்த துளையில் பிட் தன் தூளையே அரைத்துச் சூடாகும். ஜல்லியில் முட்டினால் ஒரு விரற்கடை தள்ளி வேறு இடம் பாருங்கள். சாம்பல் தூளோடு பளபளப்பான உலோகப் பொடி வந்தால் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். அங்கே மேற்கொண்டு அழுத்தவே கூடாது. பிட் முனை போவது ஒருபுறமிருக்க, பீமின் கம்பி நீங்கள் அறுப்பதற்கானதல்ல.

இதற்கு நேர்மாறான சுவரும் புனேயில் உண்டு. இலேசான நுரைக் கான்கிரீட் கட்டைகளை இங்குள்ள மேஸ்திரிகள் 'சிபோரெக்ஸ்' என்பார்கள். நமக்குப் பக்கத்திலுள்ள முண்ட்வாவின் பி.ஜி.ஷிர்கே நிறுவனம் பரப்பிய பெயர் அது. அந்தச் சுவரில் இம்பாக்ட் போட்டால் துளை பெரிதாகி, ஸ்க்ரூ பிடிக்கும் பிளக் லொடலொடக்கும். அங்கே இம்பாக்டை அணைத்து, வெறும் சுழற்சியில் போடுங்கள். தூளைக் கையில் எடுத்துப் பார்த்தால் சுவர் எதுவென்று தெரிந்துவிடும்: சிவப்பு என்றால் செங்கல், வெள்ளை மாவு என்றால் நுரைக்கட்டை, சாம்பல் நிறத்தில் நறநறவென்றிருந்தால் கான்கிரீட்.

சுவர் மேல் பழியில்லை என்றால் அடுத்தது பிட். மதுரைத் தம்பி ஒருவர் ஒரு மாலை டிரிலோடு வந்து நின்றார். "அண்ணா, போன வருஷம்தான் வாங்கினேன். இப்ப பிளைவுட்லகூட இறங்க மாட்டேங்குது." பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சக்கிலிருந்து பிட்டை எடுத்து விளக்கடியில் பிடித்தோம். முனையில் பதித்திருந்த கார்பைட் துண்டின் இரண்டு ஓரமும் மழுங்கி உருண்டிருந்தன. தண்டைச் சுற்றிப் பளபளவென்று வளையமாகக் கீறல். சக் இறுகாமல் பிட் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்ற அடையாளம் அது. போதாக்குறைக்கு அது சுவருக்கான பிட். மரத்துக்கான பிட்டில் நடுவே ஒரு கூர் ஊசியும் ஓரத்தில் வெட்டும் விளிம்பும் இருக்கும். அதை மாட்டி, சக்கைக் கையால் இறுக்கிவிட்டுக் கொடுத்ததும் பிளைவுட் சுருள் சுருளாக வந்தது. டிரிலில் ஒரு குறையும் இல்லை.

ரவிவார் பேட் போஹரி ஆளிக் கடைத்தெருவில் நல்ல பிட் தனித்தனியாகவே கிடைக்கும். நூறு துண்டு செட் வாங்குவதைவிட, சுவருக்கு 6, 8, மரத்துக்கு 3, 6, இரும்புக்கு எச்.எஸ்.எஸ் 4 என்று பொறுக்கி எடுத்த ஐந்து பிட் மேல்.

டிரிலின் மேலேயே இருக்கும் மூன்று அமைப்புகளை ஒரு பார்வையில் முடித்துவிடலாம். திசை மாற்றும் பட்டன் பின்பக்கச் சுழற்சியில் இருந்தால் எந்தப் பிட்டும் வெட்டாது. கிளட்ச் வளையம் எண்களில் நின்றால் கொஞ்சம் அழுத்தியதும் கடகடவென்று விட்டுக்கொடுக்கும். அது ஸ்க்ரூவுக்கான ஏற்பாடு. துளைக்கு டிரில் படத்துக்குத் திருப்புங்கள். கியர் 1 நிதானமும் முறுக்கும், கியர் 2 வேகம். பெரிய ஸ்க்ரூவை 2-இல் முறுக்கினால் மோட்டார் திணறத்தான் செய்யும்.

இனி பேட்டரி. "மூணு விளக்கும் எரியுதே" என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த விளக்கு காட்டுவது சும்மா இருக்கும்போதுள்ள வோல்டேஜை. சுமை ஏறும்போது கரண்டைக் கொடுக்கிற தெம்பு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. 12 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பவை மூன்று லித்தியம் செல்கள். ஒவ்வொன்றும் நிறைந்தால் 4.2 வோல்ட், மொத்தம் 12.6, சராசரி 10.8. முழு சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரில் பாருங்கள். 12.3-க்கு மேல் நின்றால் அந்த அளவில் கவலையில்லை. 12-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் மூன்றில் ஒரு செல் மற்ற இரண்டுக்கும் ஈடு கொடுக்கவில்லை என்று சந்தேகப்படலாம். வோல்டேஜ் சரியாக இருந்தும், அழுத்தியவுடன் நின்று, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறதா? செல்லின் உள்தடை ஏறியிருக்கலாம். சுமையில் வோல்டேஜ் சரிந்து, பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடுகிறது. மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கு எளிய சோதனை, அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் பேட்டரியை மாட்டிப் பார்ப்பது. அதற்கு முன் பேட்டரி முனைகளைத் துடையுங்கள். சிமெண்ட் தூசு படிந்த முனையும் இதே வேலையைச் செய்யும்.

நம் வீடுகளில் பேட்டரி சாவது வேலையால் அல்ல, கிடப்பால். காலியான நிலையில் லாஃப்டில் போட்டு வருடக்கணக்கில் மறந்துவிட்டால், செல் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கி, சார்ஜர் அதை ஏற்க மறுக்கும். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து அதை எழுப்பும் வித்தையைச் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. பாதி சார்ஜில், டிரிலிலிருந்து கழற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் புனே 40 டிகிரியைத் தொடும். வெயில் விழும் பால்கனியில் சார்ஜ் போடக் கூடாது. வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியையும் ஆறிய பிறகே போட வேண்டும்.

செல் மாற்றித் தருவதாகச் சொல்லும் கடைகளில் ஒன்றைக் கேளுங்கள்: என்ன செல்? லேப்டாப்பில் இருந்து எடுத்த செல்லுக்குக் கொள்ளளவு இருக்கும், டிரில் சுமையில் இழுக்கும் 15, 20 ஆம்பியரைக் கொடுக்கும் திராணி இருக்காது. இன்னொன்று, '48 வோல்ட்', '88 வோல்ட்' என்று ஒட்டி மலிவாக விற்கும் டிரில்கள். சார்ஜரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளியீடு 12.6 என்றால் உள்ளே மூன்று செல், 21 என்றால் ஐந்து. லேபிள் என்ன சொன்னாலும் வலு அவ்வளவுதான்.

மோட்டார் கடைசி. காற்றுத் துளை வழியே பெரிய தீப்பொறியும் கருகல் வாடையும் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. சின்ன டிரில் பலவற்றில் பிரஷ்ஷைத் தனியாக மாற்ற வழியில்லை. மோட்டாரையே மாற்ற வேண்டும். பிரஷ்லெஸ் மாடலுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பீம் வேலைக்கு ரோட்டரி ஹேமரோடு எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள். மதியத் தூக்க நேரத்தைத் தவிர்த்து வரச் சொன்னால் கீழ்வீட்டு ஆஜி (பாட்டி) கோபித்துக்கொள்ள மாட்டார். செத்த பேட்டரியை மட்டும் தயவுசெய்து உலர் குப்பையில் போடாதீர்கள். குப்பை பிரிக்கும் பெண்கள் அதைக் கையால் தொடுகிறார்கள். முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுங்கள்.