பழைய ஹைப்ரிட் காரின் பிரேக்: புதுசா, குர்லா சாமானா, பழுது பார்ப்பதா, விற்பதா?

மும்பை சீத்தா கேம்ப் போன்ற இடத்துக்கு ஹைப்ரிட் கார் செகண்ட் ஹேண்டாகத்தான் வந்து சேர்கிறது. 2013 ஆகஸ்டில் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் இந்தியாவில் இறங்கியபோது அதன் விலை முப்பது லட்சத்தை ஒட்டி இருந்தது. அதற்கு முன்பே 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட், 2010-ல் பிரியஸ் வந்தன. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே வண்டி சின்னக் கார் விலைக்குக் கிடைக்கும்போது ஆசை வருவது இயல்பு. மைலேஜும் நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் சயான் - டிராம்பே ரோட்டில் போய்க்கொண்டிருக்கையில் சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் ஒன்றாக எரியும், பஸ்ஸர் நிற்காமல் கத்தும். ஷோரூமில் லட்சக் கணக்கில் பில் சொல்வார்கள். குர்லாவில் அதில் கால்வாசிக்குப் பழைய சாமான் கிடைக்கும் என்பார் நண்பர். விற்றுத் தலைமுழுகச் சொல்வார் வீட்டில் இருப்பவர்.

இந்த மூன்று பேச்சுமே விலையிலிருந்து தொடங்குகின்றன. நான் சொல்ல வருவது, பழுது எது என்று தெரிவதற்கு முன் விலையைப் பேசவே கூடாது என்பதுதான். ஸ்கேனர் காட்டும் ஃபால்ட் கோட் எண் கையில் கிடைத்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சாதாரணக் காரில் பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாக நேரே சக்கரத்துக்குப் போகும். டொயோட்டா ஹைப்ரிட்டில் அப்படி இல்லை. நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்கிறது. மோட்டாரே எவ்வளவு வேகத்தைக் குறைத்து பேட்டரியில் கரண்டாகச் சேர்ப்பது, மிச்சத்துக்கு எவ்வளவு ஆயில் அழுத்தம் அனுப்புவது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அந்த அழுத்தத்தை ஓர் எலெக்ட்ரிக் பம்ப் ஏற்றி, நைட்ரஜன் வாயு அடைத்த அக்யுமுலேட்டர் என்னும் சிறு உருளையில் சேமித்து வைக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் பானெட்டுக்குள் ‘உர்ர்’ என்று சில வினாடி கேட்கிறதே, அதுதான் அந்தப் பம்ப். உள்ளே வால்வோ சீலோ தேய்ந்து அழுத்தம் கசியத் தொடங்கினால், இறங்கிய அழுத்தத்தை ஏற்ற பம்ப் ஓயாமல் ஓடும். கடைசியில் கம்ப்யூட்டர் தன் உதவியை நிறுத்திக்கொண்டு பெடலை நேராகச் சக்கர பிரேக்குக்கு விட்டுவிடும். வண்டி நிற்கும், ஆனால் பெடல் இறுகிப்போய்ப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும், நிற்க அதிக தூரம் எடுக்கும்.

இது உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். அக்யுமுலேட்டரில் விரிசல் விழுந்து நைட்ரஜன் ஆயிலில் கலக்கிறது என்று 2013 ஜூனில் டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 2,42,000 பிரியஸ், லெக்ஸஸ் ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவில் சந்து அடங்கிய பிறகு, வண்டியை ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்து, ‘பி’ (பார்க்கிங்) நிலையில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். யாரும் மிதிக்காமலே சில வினாடிக்கு ஒரு முறை பம்ப் ஓடினால் உள்ளே கசிவு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நாலைந்து முறை மிதித்த பிறகு ஒரு தடவை ஓடி நின்றால் அது பம்பின் வழக்கமான வேலை.

இனி மலிவான காரணங்களுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் சின்ன பேட்டரி. பிரியஸிலும் கேம்ரி ஹைப்ரிட்டிலும் அது டிக்கிப் பக்கம் இருப்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். அது சோர்ந்தால் பிரேக் கம்ப்யூட்டருக்குப் போதிய கரண்ட் கிடைக்காமல் எல்லா விளக்கும் எரியும், சி1241 என்ற கோட் விழும். புது பேட்டரி போட்டாலே சரியாகிவிடும் வண்டிக்கு லட்ச ரூபாய் பில் எதற்கு? அடுத்தது சக்கர சென்சார். சி0200, சி0205 போன்ற கோட்கள் முன் சக்கர சென்சாரைக் காட்டும். நம் பகுதியில் ரோட்டோரம் நிறுத்தும் வண்டிகளின் வயரை எலி கடிப்பது புதிதல்ல, அந்தக் கடிக்கும் இதே விளக்கு எரியும். மூன்றாவது, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின் (ஊசி). ஹைப்ரிட்டில் பாதி வேலையை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேடு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதிகம் அசையாத பின் துருப்பிடித்து இறுகிவிடும். 1976-ல் ஜனதா காலனியைக் காலி செய்துவிட்டு நம் மக்களைக் கொண்டுவந்து விட்ட இந்த சீத்தா கேம்ப் கடற்கழியை ஒட்டிய சதுப்பு நிலம். அந்த உப்புக் காற்று இன்றும் இரும்பைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பதும், ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதும் மும்பைக் காற்றில் கட்டாயம்.

இவை எதுவும் இல்லை, சி1391, சி1252, சி1256 போன்ற கோட்தான் வருகிறது என்றால் பெரிய பழுது. முதலாவது அழுத்தம் கசிவதையும், இரண்டாவது பம்ப் அளவுக்கு மீறி ஓடுவதையும், மூன்றாவது அக்யுமுலேட்டரில் அழுத்தம் குறைவதையும் சொல்பவை. சி1253 வந்தால் பம்பின் ரிலேயை முதலில் பாருங்கள், அது சின்னச் செலவாக முடியலாம். ஸ்கேன் செய்யக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கோட் எண்களை எழுத்தில் வாங்குங்கள். தெருமுனை மிஸ்திரி (மெக்கானிக்) ஒருவர், “அண்ணே, லைட்டை ஆஃப் பண்ணிக் குடுத்துடறேன், ஓட்டிப் பாருங்க” என்பார். “வேணாம் பாய், கோட் நம்பரை மட்டும் எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிடுங்கள். விளக்கை அணைத்தால் கசிவு நிற்காது.

இப்போது வழிகளைப் பார்ப்போம். ஷோரூமில் புது பிரேக் தொகுதி மாற்றுவதுதான் பாதுகாப்பானது, விலையும் அதிகம். இந்தியாவில் பழைய ஹைப்ரிட்கள் குறைவாகவே விற்றதால் சாமான் கையிருப்பில் இருக்காது, வரவழைக்க நாளாகும். எஸ்டிமேட்டில் சாமானின் பார்ட் எண், லேபர், ஆயில், எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: பல மாடல்களில் பம்ப் - அக்யுமுலேட்டர் ஒரு தொகுதி, பூஸ்டர் - மாஸ்டர் சிலிண்டர் இன்னொரு தொகுதி. கசிவு பூஸ்டர் வால்வில் இருக்கையில் பம்பை மாற்றினால் பணம் வீண். எதை மாற்றுகிறார்கள், எந்தச் சோதனையின் பேரில் என்று சொல்ல அவர்களுக்குக் கடமை உண்டு. பணம் கட்டுமுன் பெரிய ஹைப்ரிட் பேட்டரியின் நிலையையும் சோதிக்கச் சொல்லுங்கள். சீட்டுப் பணத்தை எடுத்து பிரேக்கைச் சரி செய்துவிட்டு, ஆறு மாதத்தில் அந்த பேட்டரிக்கு மறுபடி அலைந்தால் குடும்பம் தாங்காது.

குர்லா கபாடியா நகர்ப் பழைய சாமான் கடைகளில் இல்லாத பொருள் இல்லை. கதவு, கண்ணாடி, சீட், அலாய் வீல் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக் தொகுதியை மட்டும் அங்கே வாங்கவே கூடாது என்பது என் முடிவான கருத்து. உங்கள் வண்டியில் பன்னிரண்டு வருடத்தில் தேய்ந்த சீல், அந்தச் சாமான் கழற்றிய வண்டியிலும் அதே வயது ஆனதுதான். சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் மூழ்கியவை போன்ற கார்கள் ஏலத்தில் போய்ப் பிரிக்கப்படுகின்றன. அந்தத் தொகுதிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. கவுண்டரில் 12 வோல்ட் கொடுத்து பம்பை ஓட்டிக் காட்டுவார். வால்வு கசிகிறதா என்பது வண்டியில் பூட்டி அழுத்தம் ஏற்றினால்தான் தெரியும். அது கெட்டுப்போனால் மாற்றுக் கூலி இரண்டு தடவை. சாமான் வந்த வண்டியின் வருடத்தையும் சேசிஸ் எண்ணையும் காட்டி, எழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும் கேரண்டியும் தருகிறவர் கிடைத்தால் மட்டும் விதிவிலக்காக யோசிக்கலாம். அப்படிக் கிடைப்பது அரிது.

உங்கள் தொகுதியையே கழற்றிப் பழுது பார்ப்பது மூன்றாவது வழி. இதில் நம்மைவிட அனுபவம் இலங்கைக்கு உண்டு. அங்கே 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பிரியஸ், அக்வா ஹைப்ரிட்கள் வைத்திருந்தவர்கள் இருப்பதைக் காப்பாற்றி ஓட்ட வேண்டியிருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளும் பழுது பார்க்கிறவர்களும்தான் அவர்களுக்குக் கை கொடுத்தார்கள். பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்தது, ரிலே போனது, வயரிங் கெட்டது போன்றவற்றுக்கு இந்த வழி நல்லது, நம்பலாம். வால்வுக்குள் கசிவு என்றால் நம்பாதீர்கள். கம்பெனி உள் சீல்களைத் தனியாக விற்பதில்லை, எங்கிருந்தோ அளவெடுத்துப் போட்ட ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எந்த வழியானாலும், பூட்டுகிற கேரேஜில் இந்த பிரேக்குக்கான ஸ்கேனர் இருக்க வேண்டும். ஆயிலிலிருந்து காற்றை எடுப்பதும், வால்வுகளுக்குப் புது அளவைக் கற்றுக்கொடுப்பதும் ஸ்கேனர் இல்லாமல் ஒழுங்காக நடக்காது. சாவியை எடுத்துவிட்டாலும் கதவைத் திறந்தால் பம்ப் தானாக ஓடும் என்பதை அறியாத மிஸ்திரிக்கு அடிபடும் ஆபத்தும் இருக்கிறது.

இனி விற்பது. சீத்தா கேம்ப் வண்டிகளுக்கு ஆர்டிஓ வடாலாவில், எம்ஹெச்-03. பதிவு பதினைந்து வருடம். 2013 வண்டிக்கு 2028-ல் முடியும். அதற்குப் பிறகு ஃபிட்னஸ், ரூ.5,000 மறுபதிவுக் கட்டணம், கிரீன் டாக்ஸ். சரியான நிலையில் நாலு லட்சம் போகும் வண்டிக்கு பில் இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பதிவு இன்னும் ஐந்து வருடம் இருந்து ஹைப்ரிட் பேட்டரியும் நன்றாக இருந்தால் புதுத் தொகுதியே போடுங்கள், வருடத்துக்கு நாற்பதாயிரம் ஆகிறது. இரண்டு வருடம்தான் மிச்சம் என்றால் விற்றுவிடுங்கள். உடைக்கக் கொடுப்பதானால் பங்கார் (பழைய இரும்பு) கடைக்குக் கொடுக்க வேண்டாம். அரசுப் பதிவு பெற்ற ஸ்க்ராப்பிங் மையத்தில் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும், அடுத்த புது வண்டிக்கு வரிச் சலுகையும் உண்டு, ஆர்சி-யும் முறையாக ரத்தாகும்.

முடிவெடுக்கும்வரை விளக்கு எரியும் வண்டியை எடுக்காதீர்கள். ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அறவே வேண்டாம். புனே தாண்டிக் கம்பாட்கி காட் போன்ற மலைப்பாதையின் நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் மோட்டார் வேகத்தைப் பிடிப்பது நின்றுபோகும். பாரத்தின் பெரும்பகுதி ஆயில் பிரேக்கில் விழும் இடம் அதுதான்.

சட்டத்தில் எதிர்பார்க்கக்கூடியது குறைவு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாய ரீகால் விதி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது. இருந்தாலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். தவறான சாமானை மாற்றிப் பணம் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை.

விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விளக்கை அணைத்துவிட்டு விற்காதீர்கள். கோட் எண்களையும் ஷோரூம் எஸ்டிமேட்டையும் வாங்குகிறவர் கையில் கொடுத்து, பிரேக் பழுது உண்டு என்று விற்பனைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 14 நாளுக்குள் உரிமை மாற்ற அறிவிப்பான படிவம் 29-ஐ வடாலா ஆர்டிஓ-வில் கொடுத்துவிடுங்கள்.