முதல் வணக்கத்தை நீங்கள் சொல்லுங்கள்

கேள்வி: அக்கா, நான் மொன்றியலில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். 101ஆம் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளியில்தான் படித்தேன். ஆங்கிலமும் நன்றாக வரும். ஒட்டாவாவில் தாதியியலைப் பிரெஞ்சில் படிக்கப் போகிறேன். பயிற்சிக்காலத்தில் வட ஒன்ராறியோவின் சிற்றூர் ஒன்றுக்குப் போக எனக்கு ஆசை. "இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்கு நகரத்திலேயே வேலை கிடைக்கும், ஏன் அந்தக் குளிருக்குள் போக வேண்டும்?" என்று அம்மா கேட்கிறா. அங்கே போய் என்ன கற்கலாம்? என் பிரெஞ்சு போதுமா?
– வாசகி, மொன்றியல்

பதில்: போங்கள் தங்கச்சி. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பள்ளியிலும் பேருந்திலும் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர் நீங்கள். பேச்சு கைவசம் இருக்கிறது. நோயாளியின் பேச்சுத்தான் இனிக் கற்க வேண்டியது.

பிரெஞ்சில் 'மால் ஓ கேர்' என்று ஒரு சொல் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதயத்தில் நோ. பேச்சிலோ அதற்கு அர்த்தம் குமட்டல், சத்தி வருமாப்போல் இருப்பது. உங்களுக்கு இது தெரிந்திருக்கும். வகுப்பறையில் மட்டும் பிரெஞ்சு படித்த ஒரு மாணவி, இதைக் கேட்ட உடனே ஈ.சி.ஜி. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மறுபக்கம்தான் ஆபத்தானது. பழைய தலைமுறையில் சிலர் 'எஸ்தொமா' என்று நெஞ்சையும் சொல்வார்கள். உங்கள் பாடநூலில் அது வயிறு. வயிற்று நோ என்று குறித்துவைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? ஆகவே சொல்லைக் கேட்டதும் நிற்காதீர்கள். "கையால் தொட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். எந்தப் பாடநூலையும்விட இந்த ஒரு பழக்கம் எனக்கு உதவியிருக்கிறது.

அடுத்து, சிற்றூரில்தான் சரியாகக் கற்கக்கூடிய ஒன்று: மொழியை நோயாளி கேட்கும்வரை காத்திராமல், நாமே முன்வந்து கொடுப்பது. 'ஒஃப்ர் அக்தீவ்' என்பார்கள். அறைக்குள் நுழையும்போதே "ஹலோ, போன்ஜூர்" என்பது அதன் முதல் படி. மொன்றியலில் பிரெஞ்சு பெரும்பான்மை மொழி, கேட்டு வாங்க யாரும் தயங்குவதில்லை. ஒன்ராறியோவில் பிரெஞ்சுக்காரர் சிறுபான்மை. ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் சமாளித்துப் பழகிய ஒரு முதியவர், தனக்காக ஒருவரைச் சிரமப்படுத்தக்கூடாது என்று நினைத்து, "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மருந்தை எப்போது எடுக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கியிராது. மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப்போவதுண்டு. அப்போது அந்த "ஓகே"யும் அவரிடம் இருக்காது.

இதை உங்களுக்கு விளக்க நான் பாடுபட வேண்டியதில்லை. அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போய், பதினொரு வயதில் நடுவில் நின்று மொழிபெயர்த்த பிள்ளைகள் எங்களில் எத்தனை பேர்! சொல்லக் கூச்சமான நோவுகளை அம்மம்மா அந்தப் பிள்ளை முன்னால் சொல்லவே மாட்டா. அந்த ஊர்களிலும் மகளோ பேரனோ அப்படித்தான் நடுவில் நிற்கிறார்கள். அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் நேரே பேசலாம். அதற்காகத்தான் நீங்கள் அங்கே தேவைப்படுகிறீர்கள்.

மொழி தெரிந்தவர்களைப் பயிற்றுவிப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு, நீங்கள் போகும் ஒட்டாவாவிலேயே ஒரு சாட்சி நிற்கிறது: மொன்ஃபோர் என்ற பிரெஞ்சு வைத்தியசாலை. 1997இல் மாகாண ஆணைக்குழு ஒன்று அதை மூடச் சொன்னது. பக்கத்து வைத்தியசாலைகளிலும் சிகிச்சை கிடைக்குமே என்பது ஒரு வாதம். அந்த மார்ச்சில் சுமார் 10,000 பேர் ஒரே அரங்கில் திரண்டார்கள். முன்னின்றவர் ஜிசேல் லலோந்த் என்ற பெண்மணி. எதிர்த்துப் போட்ட வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2001 டிசம்பரில் வென்றது. சிகிச்சையோடு, பிரெஞ்சு மொழியில் வைத்தியர்களையும் தாதியரையும் உருவாக்கும் இடம் என்ற அதன் பங்கையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். பயிற்சி போனால் அடுத்த தலைமுறையில் சேவையும் போய்விடும் என்பது அந்த மக்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 2003இல் உருவான தேசியச் சுகாதாரப் பயிற்சிக் கூட்டமைப்பும் இதே தேவைக்குப் பிறந்ததுதான். கியூபெக்கிற்கு வெளியே பிரெஞ்சில் கற்பிக்கும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன.

ஆனாலும் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 2015 முதல் கியூபெக்கிற்கு வெளியே தாதியருக்கான உரிமத் தேர்வு என்-க்ளெக்ஸ். அதைப் பிரெஞ்சில் எழுதலாம், ஆனால் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தொடக்கத்தில் நியூ பிரன்ஸ்விக்கில் பிரெஞ்சில் படித்தவர்களின் தேர்ச்சி வீதம் மோசமாகச் சரிந்தது. அந்தப் பிள்ளைகளிடம் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. நீங்கள் முதலாம் ஆண்டிலிருந்தே மருத்துவச் சொற்களை இரு மொழியிலும் ஒரே கொப்பியில் எழுதி வாருங்கள். பயிற்சி இடத்தை ஏற்கும் முன் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: உங்களை மேற்பார்வை செய்யும் தாதி பிரெஞ்சில் வேலை செய்பவரா? இல்லையென்றால் பிரெஞ்சு ஊரில் ஆங்கிலப் பயிற்சிதான் கிடைக்கும். தங்குமிடம், பயணச் செலவு பற்றியும் அப்போதே கேளுங்கள். கூடுமானவரை நீண்ட காலம் கேளுங்கள். வட ஒன்ராறியோ மருத்துவப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏறத்தாழ எட்டு மாதம் ஒரே ஊரில் வாழ்ந்து கற்கிறார்கள். நான்கு கிழமையில் ஊர் உங்களைப் பார்க்கும், நீங்கள் ஊரைப் பார்க்க அது போதாது.

இனி அம்மாவின் கேள்வி. குளிர் உண்மைதான், மறைக்க மாட்டேன். ஹேர்ஸ்ட் போன்ற ஊரில் மாசியில் மறை 30 பாகை சாதாரணம். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிரெஞ்சு பேசும் ஊர் அது. அங்கிருந்து பெரிய வைத்தியசாலை இருக்கும் ரிமின்ஸ் நகரம் சுமார் 260 கிலோமீற்றர், 11ஆம் நெடுஞ்சாலை பனிப்புயலில் மூடப்படும். அப்படிப்பட்ட இரவில், அடுத்த வைத்தியசாலைக்கு அனுப்பும்வரை நோயாளியோடு இருக்கப்போவது அந்தச் சின்ன வைத்தியசாலையில் நிற்கும் இரண்டு மூன்று பேர்தான். பெரிய நகரத்தில் ஒரு மாணவி எட்ட நின்று பார்ப்பதை, அங்கே மேற்பார்வையோடு தன் கையாலேயே செய்து பழகுவாள். காலையில் கடையில் பால் வாங்கும்போது அதே நோயாளி பின்னால் நிற்பார். உடல்நலம் பற்றி நீங்கள் ஒரு சொல் கேட்கக்கூடாது, "போன்ஜூர்" மட்டும் போதும்.

அம்மாவிடம், முதல் பயணத்துக்குக் கூடவே வரச் சொல்லுங்கள். ஐப்பசியில் போனால் வீதி இன்னும் பெரும்பாலும் பனியில்லாமல் இருக்கும். காருக்குக் குளிர்காலச் சில்லு போட்டுவிட்டே புறப்படுங்கள்.