எந்த ஷை உங்கள் ஷை?

ஜூன் கடைசியில் கற்பிட்டி, உடப்புப் பக்கம் சோளகம் உரத்து வீசும். படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும். கரைவலைக்காரர் பலர் கிழக்குக் கடலுக்குப் போயிருப்பார்கள். வீட்டில் கை சுருங்கும் இந்த நாட்களில்தான் 2025ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை விண்ணப்பமும் வந்து சேர்ந்தது. ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை விண்ணப்பம் ஏற்றார்கள். பயோ படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் அப்போது ஒரே கேள்விதான்: "இந்த முறை எழுதுவதா, அடுத்த முறை பார்ப்பதா?"

இலங்கையில் மருத்துவ பீடத்துக்கென்று தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் எடுக்கும் புள்ளிதான் வாசல். தமிழ்நாட்டில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அங்குள்ள நீட் நுழைவுப் பரீட்சையின் கதையைக் கேட்டிருப்பார்கள். அங்கே எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான், பிள்ளைகளின் பேச்சில் மூன்று 'ஷை'தான், கணக்கு. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். போன வருட உயிரியலையும் இந்த வருட இரசாயனவியலையும் ஒட்டி ஒரு பெறுபேறு செய்ய முடியாது.

அதனால் "முதலாவது ஷையை வீணாக்கக் கூடாது, முழுசாக ஆயத்தமான பிறகே எழுத வேண்டும்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். நான் இதோடு உடன்படவில்லை. எழுதாமல் விட்டால் மிச்சப்படுவது ஒரு தடவை, செலவாவது ஒரு வருடம். அந்த மிச்சம் உதவப்போவது மூன்றாவது ஷை வரை போகிறவருக்கு மட்டும்தான். கணக்குப் பாருங்கள். பத்தொன்பது வயதில் முதலாவது ஷை எழுதியவர் மூன்றாவதை எழுதும்போது இருபத்தொன்று. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழகம் திறப்பது எல்லாம் முடிந்து விரிவுரை மண்டபத்தில் உட்காரும்போது இருபத்திரண்டு, இருபத்திமூன்று. அதற்கு மேல் ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இவ்வளவு நீண்ட பாதையின் தொடக்கத்திலேயே ஒரு வருடத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டாம்.

முதலாவது ஷையை உண்மையான பரீட்சையாகவே எழுதுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா, பிறகு மூன்று மணித்தியாலம் கட்டமைப்பு வினாவும் கட்டுரை வினாவும் என்று மண்டபத்தில் இருந்து பார்க்காதவருக்குத் தன் வேகம் தெரியாது. டியூஷன் வகுப்பில் எழுதும் மாதிரிப் பரீட்சை அதைக் காட்டாது.

தள்ளிப்போட நியாயமான காரணங்களும் உண்டு. பிள்ளை மாதக்கணக்கில் நோயில் படுத்திருந்தால், வீட்டில் ஒரு மரணம் நடந்து குடும்பம் நிலைகுலைந்திருந்தால், ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லாமல் கடைசி ஆறு மாதத்தில்தான் படிக்கத் தொடங்கியிருந்தால் தள்ளிப்போடலாம். கடைசியாகச் சொன்னது நமது கரையில் அடிக்கடி நடக்கிறது. தமிழ்மூலத்தில் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் தேடி அலைந்த பாடசாலைகளை நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையைக் கெட்டிக்காரத்தனம் போதாது என்று ஒருவரும் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போனது படிப்பிக்க ஓர் ஆள், அவ்வளவுதான்.

பாடத்திட்டம் மாறும் வருடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2011இல் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் ஒரே வருடத்தில் எழுதினார்கள். பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளியை இரு சாராருக்கும் சேர்த்துக் கணித்ததில் எழுந்த பிணக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. தனித்தனியாகக் கணிக்கும்படி 2012இல் தீர்ப்பு வந்தது. அதுவரை எத்தனையோ பிள்ளைகள் தங்கள் இடம் எதுவென்று தெரியாமல் காத்துக் கிடந்தார்கள். 2019இலும் இரண்டு பாடத்திட்டங்களுக்கும் பரீட்சை நடந்தது. பாடத்திட்டம் மாறப்போவதாக அறிவித்தல் வந்தால், பழையதில் படித்தவர் அதன் கடைசி வருடத்துக்குள் தன் வேலையை முடிக்கப் பார்க்க வேண்டும்.

சரி, ஆயத்தமா இல்லையா என்பதை எப்படி அளப்பது? "நல்லாப் படிச்சிருக்கேன் வாப்பா" என்ற பிள்ளையின் சொல்லும் "கெட்டிக்காரன், செய்வான்" என்ற ஆசிரியரின் சொல்லும் அளவுகோல் ஆகாது. விண்ணப்ப மாதத்தில், இதுவரை தொடாத மூன்று வருடக் கடந்தகால வினாத்தாள்களை எடுங்கள். காலையில் பல்தேர்வு, பகல் இடைவேளைக்குப் பிறகு பகுதி இரண்டு. மணிக்கூட்டை வைத்து எழுதுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்து வேறொருவர் திருத்தட்டும். கைபேசி உம்மாவின் அலமாரியில் இருக்கட்டும். எல்லாத் தாளும் திருத்தி முடிந்ததும் கூட்டுத்தொகையை விடுங்கள். எந்தப் பாடம் ஆகக் கீழே கிடக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஏனென்றால் இசட் புள்ளி அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படி வருவதன் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. உதாரணத்துக்கு உயிரியலில் 2.0, இரசாயனவியலில் 1.8 எடுத்த பிள்ளைக்குப் பௌதிகவியலில் 0.7 என்றால் மொத்தம் 1.5க்கு இறங்கிவிடுகிறது. உயிரியலை இன்னும் நாலு தடவை பாடமாக்கி அதை 2.1 ஆக்குவதில் பெரிய இலாபமில்லை. 0.7ஐ 1.3 ஆக்கினால் மொத்தம் 1.7 ஆகிறது. பயோ பிள்ளைகள் பலர் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். பிடித்த பாடத்தை மேலும் மேலும் படித்து, பயந்த பாடத்தைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். எல்லோரும் தடுமாறும் பாடத்தில் எடுக்கும் 60, எல்லோரும் நன்றாகச் செய்யும் பாடத்தின் 60ஐ விட இசட்டில் பெரும்பாலும் கூடத் தரும் என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி மாவட்டக் கதை. மருத்துவ பீட இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. புத்தளம் அந்தப் பதினாறில் ஒன்று. இதைக் கேட்டுவிட்டு "நமக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே" என்று சாய்ந்திருப்பது ஆபத்து. புத்தளம் மாவட்டம் என்பது கற்பிட்டியும் உடப்பும் மட்டுமா? சிலாபம், மாரவில, வென்னப்புவ எல்லாம் இதற்குள்தான். அங்குள்ள பெரிய சிங்களமொழிப் பாடசாலைகளின் பிள்ளைகளும் இதே வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்து மேசைக்காரனை முந்தினால் போதும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

உயர்தரத்துக்கு நீர்கொழும்புக்கோ குருநாகலுக்கோ கொழும்புக்கோ பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் பாடசாலை மாற்றுவதற்கு முன்பே ஒன்றைப் பார்க்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே பிள்ளையின் மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. வீட்டு முகவரி மட்டும் காப்பாற்றாது. நீர்கொழும்பு இருக்கும் கம்பஹாவும் குருநாகலும் அந்தப் பதினாறில் இல்லை. நல்ல ஆசிரியரைத் தேடிப் போவது தவறே அல்ல. ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலில் மாவட்ட விதியை வரி வரியாகப் படித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது ஷைதான் நமது பிள்ளைகளில் பலருக்குத் தீர்க்கமானது. அதற்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு என்று பாருங்கள். 2022ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு 2023 செப்டெம்பரில் வந்தது. அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில் தொடங்கியது. இடையில் நாலே மாதம். 2024ஆம் ஆண்டுப் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்து, அடுத்தது நவம்பர் 10இல் தொடங்கியது. அது ஆறரை மாதம். பெறுபேறு வரட்டும் என்று பேசாமல் இருப்பவருக்கு இரண்டாவது ஷை பாதி போய்விடும். பரீட்சை முடிந்து மூன்று கிழமை நன்றாகத் தூங்குங்கள், கடற்கரையில் நடங்கள். நாலாவது கிழமையிலிருந்து பலவீனமான அந்த ஒரு பாடத்தை மட்டும் தினமும் இரண்டு மணித்தியாலம் தொடருங்கள். பெறுபேறு நன்றாக வந்தால் நட்டமில்லை. பௌதிகவியல் தெரிந்த மருத்துவ மாணவராகப் போவீர்கள்.

பெறுபேறு வரும்போது அந்த வருட வெட்டுப்புள்ளி வந்திருக்காது. அதற்கு இன்னும் மாதங்கள் ஆகும். எனவே போன சில வருடங்களின் வெட்டுப்புள்ளி அட்டவணையில் புத்தளம் வரியை எடுத்து உங்கள் புள்ளியோடு ஒப்பிடுங்கள். வருடத்துக்கு வருடம் மாறும் எண் அது, திசையை மட்டும் காட்டும். இடைவெளி சிறிது, கீழே இழுத்தது ஒரு பாடம் என்றால் தயங்காமல் இரண்டாவதுக்குப் போங்கள். மூன்று பாடமும் தாழ்ந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த ஆறு மாதத்தில் என்ன மாறப்போகிறது? ஆசிரியரா, படிக்கும் இடமா, படிக்கும் முறையா? அதே டியூஷன், அதே நோட்ஸ், அதே தூக்கமில்லாத கடைசி மாதம் என்றால் புள்ளியும் அங்கேயேதான் நிற்கும்.

காசு விடயத்தையும் திறந்து பேச வேண்டும். பரீட்சை நவம்பரில் என்றால் ரிவிஷன் வகுப்புகள் உச்சத்தில் இருப்பது ஜூன் முதல் ஒக்டோபர் வரை. மேற்குக் கரையில் கடல் தொழில் ஆகக் குறைவதும் அதே மாதங்களில்தான். கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். பஸ் காசும் வகுப்புக் காசும் சேர்ந்து ஒரு கடல்தொழில் வீட்டை உலுக்கிவிடும். ஆகவே இரண்டாவது ஷைக்கான காசை வாடைக் காலத்தில், கடல் கொடுக்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். உப்பளத்தில் வேலை செய்யும் வீடுகளுக்குக் கணக்கு வேறு. வெயில் காலம்தான் அவர்களுக்கு வருமானம் தரும் காலம். மூன்று பாடத்துக்கும் வகுப்புக்குப் போகத் தேவையில்லை. பலவீனமான ஒன்றுக்குப் போங்கள், மற்ற இரண்டுக்கும் கடந்தகால வினாத்தாள் போதும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகனுக்கு மூன்று ஷையும் தாராளமாகக் கிடைக்கிறது. மகளுக்கோ முதலாவது ஷையோடு கலியாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு முடி தூரத்தில் நிற்கும் மகளிடம் "போதும் மகள், வேறு ஏதும் படியுங்க" என்று சொல்வதற்கு முன் அவளுடைய மூன்று பாடப் புள்ளியையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிரசவ வார்டில் தமிழ் பேசும் பெண் டொக்டர் ஒருவர் இருந்தால் எவ்வளவு ஆறுதல் என்பது இந்தக் கரையின் தாய்மாருக்குத் தெரியும்.

மூன்றாவது ஷையை மறிக்கமாட்டேன். ஆனால் அதை மட்டுமே நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். கையில் வேறொன்றையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஆங்கிலம், கணினி, அல்லது தாதியர் பயிற்சிக்கான விண்ணப்பம், எதுவானாலும் சரி. பயோவில் மருத்துவத்துக்கு அடுத்து எதுவுமே இல்லை என்பது வெறும் பேச்சு. பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், தாதியியல், விவசாயம் எல்லாம் இதே மூன்று பாடத்தின் பிள்ளைகள் படிப்பவைதான். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் படிக்கலாம், கொழும்பில் யூனானி படிக்கலாம். பலர் இங்கேதான் அவசரப்பட்டுச் சிக்குகிறார்கள். இவற்றில் ஒன்று கிடைத்து, "இப்போதைக்குப் பதிவோம், அடுத்த ஷையில் மெடிசின் வந்தால் மாறுவோம்" என்று கையெழுத்து வைக்கிறார்கள். ஒரு பாடநெறிக்குப் பதிந்தவர் மறுபடி தெரிவாவதற்கு விதிகள் தடையாக நிற்கும். பதிவை நீக்கவும் காலக்கெடு உண்டு. கையெழுத்துக்கு முன் கைநூலில் இந்த விதிகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள், புரியாவிட்டால் ஆணைக்குழுவுக்கே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக மழை. முன்பு ஓகஸ்டில் நடந்த பரீட்சை 2024இலும் 2025இலும் வாடை மழைக்குள் வந்தது. 2024 நவம்பரில் பரீட்சை தொடங்கி மூன்றாம் நாளே வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு, டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. 2025இல் டித்வா புயல் வந்து, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. மீ ஓயாவும் தெதுறு ஓயாவும் பெருகினால் வீதி எங்கே அறும் என்று நமக்குத் தெரியும். பரீட்சை நிலையத்துக்குப் பக்கத்தில் தங்க ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை, குறிப்புக் கொப்பிகள் எல்லாம் தண்ணீர் புகாத உறையில் போட்டு வீட்டின் ஆக உயரமான தட்டில் இருக்கட்டும். பரீட்சை நின்றுபோனால், வீட்டுச் சேற்றை வழித்து முடித்த அன்று மாலையே மிச்சமிருக்கும் பாடத்தின் ஒரு வினாத்தாளை எடுத்து, மணிக்கூட்டை வைத்து எழுதத் தொடங்குங்கள்.