நுண்ணலை அடுப்பும் ஆறிய இட்டிலியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

தீயின்றிச் சமைக்கும் நுண்ணலை அடுப்பு இன்று நகரத்து வீடுகள் பலவற்றில் இடம்பெற்றுவிட்டது. ராடார் கருவிக்கென அமைந்த மேக்னெட்ரான் குழாயைக் கொண்டு உணவைச் சூடாக்கலாம் என்று கண்டு, 1945ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை கோரியவர் பெர்சி ஸ்பென்சர். வரலாறு இவ்வளவு போதும். ஒரே தட்டிலுள்ள உணவு ஓரிடத்தில் கொதித்தும் ஓரிடத்தில் சில்லிட்டும் இருப்பது ஏன் என்பதே என் கேள்வி.

கேள்வி பாடநூலிலிருந்து வந்ததன்று. என் தாயார் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த இட்டிலியை இவ்வடுப்பில் சூடாக்கிக் கொடுத்தால், "ஓரமெல்லாம் தோல் மாதிரி இருக்கு, நடுவுல ஜில்லுனு இருக்கு" என்று குறை கூறினர். வேறு ஆள் பார்க்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. அம்மாவின் கைப்பக்குவத்தில் குறையில்லை என்பதை நான் அறிவேன். ஆகவே, குறை அலையில் இருக்கிறதா என்று பார்க்கத் துணிந்தேன்.

இவ்வடுப்பின் அலைகள் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையவை; அலைநீளம் ஏறத்தாழ 12.2 சென்டிமீட்டர். அவை உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பி நிலையலைகளாகின்றன. கணுவில் சூடில்லை, எதிர்க்கணுவில் மிகுந்த சூடு. விரிவுரையாளர் ஒருவரின் இல்லத்தில், சுழல்தட்டை எடுத்துவிட்டு, பச்சை அப்பளங்களைப் பரப்பி அரை நிமிடம் வைத்துப் பார்த்தோம். சில இடங்கள் பொரிந்திருந்தன. சில இடங்கள் பச்சையாகவே கிடந்தன. பொரிந்த இடங்களுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டர், சிலவற்றில் சற்றுக் கூடுதல். (ஆறு பக்கமும் சுவரல்லவா! கம்பியில் காணும் நிலையலை போல ஒழுங்காக அமையாது.) அலைநீளத்தில் பாதி என்ற கணக்கு அப்பளத்திலேயே தெரிந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சுழல்தட்டு இருப்பதே இதற்காகத்தான். ஆனால் தட்டின் நடுவில் வைத்த பொருள் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. எனவே இட்டிலிகளை நடுவைக் காலியாக விட்டு வட்டமாக அடுக்க வேண்டும். மேலும், இவ்வலைகள் உணவினுள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழமே வலுவோடு செல்லும். அதற்கப்பால் வெப்பம் மெல்லக் கடந்துதான் சென்றாக வேண்டும். முழுத் திறனில் வைத்தால் உள்ளே சூடு சேருமுன் ஓரத்து நீர் ஆவியாகி, இட்டிலி தோலாகிறது.

திறனைப் பாதியாகக் குறைத்தால் என்ன நிகழ்கிறது? பெரும்பாலான அடுப்புகளில் அலை மெலிவதில்லை. பாதி நேரம் முழு வேகத்தில் எரிந்து, பாதி நேரம் அணைந்திருக்கிறது. "சிம்மில் வைப்பதில்லை அம்மா, அணைத்து அணைத்து மூட்டுவது" என்றேன். பள்ளிக்கூடமே போகாத அவர், "அப்போ அணைஞ்சிருக்கிற நேரத்துலதான் உள்ளே சூடு இறங்குது" என்றார். அதுவேதான்!

இப்போது அவர் செய்யும் முறை: இட்டிலி மேல் நீர் தெளித்து, பீங்கான் தட்டில் வட்டமாக அடுக்கி, மூடி, பாதித் திறனில் சூடாக்குகிறார். அடுப்பு நின்ற பின்னும் இரண்டு நிமிடம் மூடியைத் திறப்பதில்லை. சாம்பாரென்றால் இடையில் ஒருமுறை கிளறுகிறார். வீட்டாரிடமிருந்து குறை வருவதில்லை.

வடைக்கு மட்டும் வழியில்லை. ஈரமுள்ளவரை மேற்புறச் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்; மொறுமொறுப்புக்கு அது போதாது. அதற்கு அம்மா தோசைக்கல்லைத்தான் எடுக்கிறார்.