படகு இழுவண்டியும் அதன் பராமரிப்பும்

புதுவைக் கடற்கரையில் முற்காலத்தில் கட்டுமரமே மீனவரின் முக்கிய சாதனமாயிருந்தது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைப்பர். நீரூறிய மரம் கனத்து மிதப்புக் குறையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே பராமரிப்பு என்பது தொழிலின் ஓர் அங்கமாகவே நடந்து வந்தது.

இன்று பைபர் படகும் அதன் பின்புறம் பொருத்தும் மோட்டாரும் வந்துள்ளன. இவற்றைத் தோளில் சுமத்தல் இயலாது. மேலும், 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைத்தடுப்புகள் எழுந்தபின், வடக்கு நோக்கிச் செல்லும் மணல் தடைப்பட்டு, நகரின் கடற்கரை கரைந்து போயிற்று. மணற்பரப்பு குறுகிய இடத்தில் படகை மேட்டிற்கோ சாலைக்கோ கொண்டு செல்ல, டிராக்டரும் இழுவண்டியும் உதவுகின்றன. ஆனால் கட்டுமரத்திற்குக் காட்டிய கவனத்தை நாம் இவ்வண்டிக்குக் காட்டுகின்றோமா என்பதே கேள்வி.

வண்டியின் பகை உப்பு

வண்டி ஓடுகையில் சக்கரக் குடத்திலுள்ள பேரிங் சூடேறுகிறது. அச்சூட்டோடு அதைக் கடல்நீரில் இறக்கினால், குடத்தினுள்ளிருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி, உப்பு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னர் பேரிங் துருப்பிடித்து, ஒருநாள் நடுச்சாலையில் சக்கரம் கழன்று ஓடும். ஆதலால் நீரில் இறக்குமுன் சற்று நேரம் நிறுத்தி, குடம் ஆறிய பின்னரே இறக்குக.

ஒவ்வொரு முறையும் கரையேறியவுடன் அச்சு, வில், குடம், ஆணிகள் யாவற்றையும் நல்ல நீரால் கழுவுதல் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பாயினும் உப்பைத் தங்கவிடலாகாது. பூச்சு உரிந்த இடத்திற்கு உடனே வர்ணம் பூசுக.

மாதம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுழற்றுக. கரகரவென்று ஓசை எழுந்தாலும், பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலும் பேரிங் பழுதடைந்துள்ளது. கிரீஸ் மோர்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துவிட்டதென அறிக. அதை முற்றும் துடைத்து, நீர் எதிர்க்கும் புதிய கிரீஸ் இடுக. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், வண்டி முழுவதையும் பிரித்துச் செப்பனிடுதல் நலம்.

பாரமும் பயணமும்

மாட்டுவண்டி ஓட்டியவர் முன்பாரம், பின்பாரம் அறிவர். மோட்டார் பின்னால் இருப்பதாலும், வலையும் மீனும் அங்கேயே குவிவதாலும் படகு வண்டியில் பின்பாரம் மிகும். அப்பொழுது ஏர்க்கால் மேலெழும்பி, வண்டி சாலையில் அலைபாயும். மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஏர்க்கால் நுனியில் தங்குமாறு படகை முன்னே நகர்த்துக. படகினுள் தேங்கிய நீரை வெளியேற்றிய பின்னரே புறப்படுக.

கொக்கியோடு காப்புச் சங்கிலியும் பூட்டுதல் அவசியம். மணலில் செல்லும்பொருட்டு டயரின் காற்றைக் குறைத்திருந்தால், சாலையேறுமுன் மீண்டும் நிரப்புக. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இழுவண்டியையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. பொதுச் சாலையில் செல்லும் வண்டிக்குப் பதிவும் பின்விளக்கும் இன்றியமையாதன.

உயிர் காக்கும் விதிகள்

1. படகை இழுக்கும்போது டிராக்டருக்கும் வண்டிக்கும் இடையில் எவரும் நிற்றலாகாது.
2. இறுகிய கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். அதன் நேரே நிற்காமல் விலகி நிற்க.
3. சரிவில் நிறுத்தியதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க.
4. சிறுவர்களை அருகே விடாதீர்.
5. சைகை காட்டுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். ஓட்டுநர் அவர் சொல்லை மட்டும் கேட்பாராக.

சங்கம் செய்ய வேண்டியது

பொது வண்டியைப் பலர் உபயோகிப்பர், கழுவுபவர் எவருமிலர். இக்குறை நீங்க, சங்கம் ஒரு சிறு பதிவேடு வைக்கலாம். வண்டியை எடுத்தவர், எடுத்த தேதி, கழுவியவர், கிரீஸ் இட்ட நாள், கண்ட பழுது ஆகியவற்றை அதில் எழுதி, பழுதுள்ள வண்டியைச் சீராகும்வரை எவருக்கும் கொடாதிருத்தல் வேண்டும். கிரீஸுக்கும் நீருக்கும் ஆகும் செலவு அற்பமே. கழன்ற சக்கரத்தால் படகும் பிழைப்பும் மட்டுமன்றி, சாலையில் எதிரே வருபவரின் உயிரும் போகக்கூடும். அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இப்பதிவேட்டைத் தொடங்குவார்களாக.