பந்தி மேற்பார்வையாளர்

திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடல் 52ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. விருந்தினரைப் போற்றுதல் அறம். அப்பணிக்கு உரியவரைத் தேர்ந்து அமர்த்துதல் திறம். இவ்விரண்டும் ஒருங்கே தேவைப்படும் இடம் திருமணப் பந்தியாகும்.

முற்காலத்தில் உற்றாரும் ஊராருமே பந்தி பரிமாறினர். இன்று நகரங்களில் அப்பணியைப் பெரும்பாலும் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்கள் செய்கின்றனர். அவர்களுள் பலர் ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்கள். அவர்களை ஒரு குழுவாக இணைப்பவரே பந்தி மேற்பார்வையாளர்.

இலை விரிக்கும் முன்னரே அவர் பணிகளைப் பகிர்ந்தளிக்கிறார். உப்பும் இனிப்பும் வைப்பவர், கறிவகை பரிமாறுபவர், சோறும் குழம்பும் கொணர்பவர், தண்ணீர் வழங்குபவர் என ஒவ்வொருவர்க்கும் வரிசையும் பொறுப்பும் வரையறுக்கப்படுகின்றன. பந்தி தொடங்கியபின் அவர் கண் இலைகளின்மீதும், செவி சமையற்கூடத்தின்மீதும் இருக்கும். சாம்பார் தீரும் முன்னரே அடுப்படிக்குச் செய்தி செல்லவேண்டும். ரசத்திற்காகக் காத்திருப்பவர்முன் மோர் வந்து நிற்பின், அப்பிழைக்கு ஒழுங்குசெய்தவரே பொறுப்பாவார்.

விருந்தினர் ஒருவர் சினந்து பேசும்போது, இளம் பணியாளரைப் பலர்முன் கடிந்துகொள்வது எளிது. தாமே முன்வந்து குறையைக் களைந்து, பின்னர்த் தனியே அழைத்துத் திருத்துவதே தலைமைப்பண்பு.

கடைசிப் பந்தி முடிந்தபின்னும் ஒரு கடமை எஞ்சுகிறது. காலைமுதல் பிறர் பசி தீர்த்தவர்கள் அமர்ந்து உண்ண உணவு உள்ளதா? பேசிய கூலி முழுமையாக அவர்கள் கைக்கு வந்ததா? இவ்விரண்டையும் உறுதிசெய்த பின்னரே அவர் பணி நிறைவுறுகிறது. விருந்தினரைப் பேணுவோரையும் பேணும்போதுதான் விருந்தோம்பல் முழுமை பெறும்.