சொல் எங்கே முடிகிறது?

பள்ளி ஆண்டிதழுக்கான கட்டுரை ஒன்றில் ‘கல்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. அவற்றையெல்லாம் ‘பாறை’ என மாற்ற வேண்டும். கணினியில் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தினால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். ஆனால், பிறகு படித்துப் பார்த்தால் ‘கல்வி’ ‘பாறைவி’ ஆகியிருக்கும். ‘கல்லூரி’ ‘பாறைலூரி’ ஆகியிருக்கும். ‘சிக்கல்’கூடத் தப்பாது, அது ‘சிக்பாறை’ என நிற்கும். கணினியைக் குறை சொல்ல முடியாது. க, ல, புள்ளி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்த இடங்களையெல்லாம் அது மாற்றியது. சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்காகவே உரைத் தொகுப்பிகளில் முழுச்சொல்லை மட்டும் தேடும் தேர்வு உண்டு. கணினிக்குச் சொல்லின் பொருள் தெரியாது. அது குறியீடுகளை இரு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: சொல்லுக்குள் வரக்கூடியவை, வரக்கூடாதவை. ஒரு வகை முடிந்து மறுவகை தொடங்கும் இடமே அதற்குச் சொல்லின் எல்லை. சுட்டியை இருமுறை சொடுக்கி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கைப் பயனரே மாற்றலாம். மலாய்மொழியில் சிறுவர்களைக் குறிக்கும் ‘கானாக்-கானாக்’ என்ற சொல்லைப் பாருங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் தொகுப்பியில் அதன்மீது இருமுறை சொடுக்கினால் பாதிச் சொல்தான் பிடிபடும். சொற்களைப் பிரிக்கும் குறிகளின் பட்டியலில் சிறு கோடும் இருப்பதே காரணம். அமைப்புகளுக்குச் சென்று அதை நீக்கிவிட்டால் முழுச்சொல்லும் பிடிபடும். 1991இல் வெளிவந்த விம் தொகுப்பியில் முறை நேர்மாறானது. அதில் இருப்பது சொல்லுக்குள் வரக்கூடியவற்றின் பட்டியல்; எனவே, சிறு கோட்டை அதில் சேர்க்க வேண்டும். மாற்றத்திற்கு ஒரு விலையும் உண்டு. ‘2023-2024’ என்பதும் இனி ஒரே சொல்லாகிவிடும்.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. யூனிகோடு முறையில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ககரம் ‘எழுத்து’ என்னும் வகையைச் சேர்ந்தது. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ‘குறி’ என்னும் வேறு வகையில் உள்ளன. பைத்தான் நிரல்மொழியுடன் வரும் தேடல் கருவி எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லுக்குரியவையாக ஏற்கிறது. அதனிடம் ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகள் திரும்பி வரும்!

அக்கருவியில் ‘கல்’ என்பதை முழுச்சொல்லாகத் தேடினால் விளைவு தலைகீழாகிறது. தனித்து நிற்கும் ‘கல்’ அகப்படாது. புள்ளியும் அதன்பின் வரும் இடைவெளியும் ஒரே வகை என்பதால் அங்கே எல்லை இல்லை. ‘கல்வி’யோ அகப்படும், புள்ளிக்குப் பின் வகரம் வருவதால் அங்கே எல்லை பிறந்துவிடுகிறது. யூனிகோடு வகுத்துள்ள சொல்லெல்லை விதிகள் குறிகளை முந்தைய எழுத்தோடு சேர்த்தே கொள்கின்றன. அவற்றைப் பின்பற்றாத கருவியில், தமிழுக்கென ஒதுக்கப்பட்ட 128 இடங்களையும் சொல்லுக்குரியவை என நிரலர் தாமே சேர்த்துக்கொள்ளலாம். (ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கமில்லை, புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. எல்லையைக் காண்பது அன்று படிப்பவரின் பொறுப்பாக இருந்தது.)

எல்லையைச் சரிசெய்த பின்னும் ஆண்டிதழ்க் கட்டுரையில் வேலை மிஞ்சும். முழுச்சொல் தேடலில் ‘கல்லை’, ‘கல்லால்’ போன்றவை அகப்படுவதில்லை. ‘கற்கள்’ என்பதில் லகரமே இல்லை. ‘கல்லை’ ‘பாறையை’ ஆகவும், ‘கற்கள்’ ‘பாறைகள்’ ஆகவும் மாற வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, சொற்றொடரைப் படித்துப் பார்த்தே திருத்த வேண்டியிருக்கும்.